பதினைந்து மஞ்சள் மாத்திரைகள்

1

"இருபத்துநாலு இருந்துச்சுடி! என் கையால எண்ணி வெச்சுட்டுப் போனேன். இப்ப ஒன்பது. மிச்சம் பதினஞ்சு எங்க போச்சு? எலி தின்னுச்சா?"

"கத்தாத தெர்லிஸ். தலை வெடிக்குது எனக்கு."

"ரெண்டு மாசமா நான் ஊர்லயே இல்ல. அது எதுக்குப் போடுற மாத்திரைன்னு எனக்குத் தெரியாதா? டாக்டர் என்னையும் பக்கத்துல உக்கார வெச்சுத்தானே சொன்னாங்க?"

"கேட்டவங்களுக்குக் குடுத்தேன்."

"கேட்டவங்களுக்கா! இது என்ன மாம்பழமா, சுவத்துக்கு மேல நீட்டுறதுக்கு? யாரு கேட்டா?"

"சொல்ல மாட்டேன்."

"பேரு சொல்லுடி."

"வாக்கு குடுத்திருக்கேன். சொல்ல மாட்டேன்."

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது, சுவர் வழியாக. நான் ஒட்டுக் கேட்கவில்லை. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாயில் ஒரு கிளிப்பைக் கடித்துக்கொண்டு அதே சட்டையை மூன்று முறை உதறினேன், அவ்வளவுதான். தவிர, அது ஒற்றைச் செங்கல் சுவர். பக்கத்து வீட்டுத் தெர்லிஸே கட்டியது, சிமென்ட்டில் கஞ்சத்தனம் பண்ணி. அதற்கப்புறம் அவன் எல்லை தாண்டி புவெனோஸ் ஐரெஸ் போய் அடுத்தவர்களுக்கு நல்ல சுவராகக் கட்ட ஆரம்பித்துவிட்டான்.

என் பெயர் எவெலியா. கொரோனேல் ஒவியேதோ என்கிற இந்த ஊரில், வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, சுகாதார நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். புருஷன் போய் ஏழு வருஷம் ஆகிறது. இந்த ஊர்க்காரர்களின் பிறப்பு, சொத்து, ரத்தம், சிறுநீர் எல்லாம் காகிதமாக என் மெஷின் கண்ணாடிக்கு மேல் குப்புறப் படுத்திருக்கின்றன. படிக்காமல் நகல் எடுக்க முடியுமா? முடியும் என்று சொல்கிறார்கள். எனக்கு வந்ததில்லை.

2

தொடக்கங்கள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "நிமியா பெனேகாஸ் இந்தத் தெருவிலேயே அழகி." [வேண்டாம். அழகி என்று எழுதினால், பதினைந்து மாத்திரை எங்கே போயிருக்கும் என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள். தெரு அப்படித்தான் முடிவு கட்டியது.]

இரண்டாவது: "பெண்களின் சிறுநீர்ப் பாதை குட்டையானது, ஆகையால்" [இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.]

மூன்றாவது தொடக்கம், தெர்லிஸின் பெண்டாட்டி நிமியாவிடமிருந்து: பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள், முப்பத்துநாலு வயது. அடுப்பை விட்டு நகர முடியாமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு நிற்கிற வேலை. ஒரே வருஷத்தில் ஐந்து தடவை நீர்க்கடுப்பு வந்தது. சும்மா எரிச்சல் இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடுவது, சொட்டுச் சொட்டாகப் போவது, பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்து நிற்பது, கடைசியில் ஜுரம். ஐந்தில் நாலு தடவை தெர்லிஸ் ஊருக்கு வந்த மூன்றாம் நாள்.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது இல்லையா? நானும் சிரித்தேன். அப்புறம் ஒரு நாள் அவளே சொன்னாள்:

"ஞா எவெலியா, அவன் பஸ்ஸு எப்ப வரும் எப்ப வரும்னு வாசலப் பாத்துட்டு இருப்பேன். இப்ப பஸ்ஸ நெனச்சாலே அடிவயிறு இறுகுது. அவன் வர்றதுக்கு பயப்படுறேன். இதப் போயி அவன்கிட்ட எப்படிச் சொல்ல?"

எங்கள் ஊரில் வயதில் மூத்தவளை 'ஞா' சேர்த்துக் கூப்பிடுவார்கள். மரியாதைதான். சில சமயம் 'கிழவி, கொஞ்சம் சும்மா இரு' என்றும் பொருள்.

செப்டம்பர் கடைசியில் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த டாக்டர் ரிவெரோஸ், புருஷன் பெண்டாட்டி இருவரையும் எதிரே உட்கார வைத்துப் பேசினாள். சின்னப் பெண், கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும். யார் மேலும் தப்பில்லை, யாரும் யாருக்கும் எதையும் கொண்டு வரவில்லை, அவள் உடம்பிலேயே இருக்கிற கிருமிதான் அந்த நேரத்தில் வழி தவறி உள்ளே போகிறது என்றாள். முதலில் சோதனை பண்ணி, இருந்த தொற்றை முழுசாக ஆற்றினாள். பிறகு முப்பது மஞ்சள் மாத்திரை எழுதினாள். சேர்ந்து இருக்கிற ஒவ்வொரு தடவையும், இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்று. ஒன்றே ஒன்று. ஆறு மாதம் பார்ப்போம்.

அக்டோபரில் தெர்லிஸ் ஒரு வாரம் வந்தான். ஒவ்வொரு தடவையும் அவனே எழுந்து போய், ஒரு கையில் தண்ணீரும் ஒரு கையில் மாத்திரையுமாக வருவானாம்.

"இந்தா, உன் கூலி."

"ஒண்ணுதானா? கஞ்சன்."

ஆறு தீர்ந்தது. எரிச்சல் வரவில்லை. மூன்றாம் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள், எதுவுமில்லை. கிளம்புகிற அன்று அவன் புட்டியைக் குலுக்கி எண்ணிப் பார்த்து, "இருபத்துநாலு இருக்கு. அடுத்த தடவை காலி பண்ணிடணும்" என்றானாம். பஸ் நிலையம் வரைக்கும் போய் அவள் அழாமல் சிரித்துக்கொண்டே திரும்பியதை நானே பார்த்தேன்.

(கூலி விஷயம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒற்றைச் செங்கல் என்று சொன்னேனே.)

3

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

அந்தச் சீட்டை நகல் எடுத்தது நான். மருந்துக் கடையில் அசல் சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் எல்லோரும் ஒரு நகல் எடுத்துக்கொள்வது வழக்கம். நிமியா அதைக் குப்புறக் கவிழ்த்துத்தான் கொடுத்தாள். கண்ணாடி மேல் வைக்க நான் திருப்பித்தானே ஆக வேண்டும்? 'உறவுக்குப் பின் ஒன்று' என்று அந்த அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தெரெரே வட்டம். என் கடை வாசலில் மாமரத்தடியில் நாலைந்து நாற்காலி, ஒரே குவளையில் இலைத்தூள், ஒரே உறிஞ்சுகுழல். ஒருத்தி ஐஸ் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொடுப்பாள், குடித்துவிட்டு அவளிடமே திருப்ப வேண்டும். குழலைத் துடைத்துவிட்டுக் குடிப்பது கேவலம். பக்கத்துக்காரியின் வாயைச் சந்தேகப்படுகிறாய் என்று பொருள். 'நன்றி' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தால், போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று பொருள். அதனால் யாரும் சீக்கிரம் நன்றி சொல்ல மாட்டார்கள்.

அன்று ஞா சத்துர்நீனா உரலில் பச்சிலை இடித்துக்கொண்டிருந்தாள். மூலிகைக்காரி. சிறுநீரகத்துக்கு ஒரு வேர், ஈரலுக்கு ஒரு இலை, கோபத்துக்கு ஒரு பூ. நான் சொன்னேன், பொதுவாக, யார் பெயரும் சொல்லாமல்:

"இப்பல்லாம் மாத்திரையே எப்படி வந்திருக்கு பாருங்க. புருஷன்கூட இருந்துட்டு ஒண்ணு போட்டுக்கணுமாம்."

உரல் நின்றது. "யாருடி அது?"

"பேரெல்லாம் எதுக்கு? சமையல் வேலை பாக்குற ஒருத்தி."

[இந்த வாக்கியத்தை நான்கு தடவை அடித்துவிட்டு நான்கு தடவை திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.]

"அதெல்லாம் வெறும் தரையில குந்துறதால வர்றது" என்றாள் சத்துர்நீனா. "இல்ல, ஆம்பள வெளியூர்லேருந்து கொண்டாந்து குடுக்குறது. எம்பேச்சக் கேட்டு வேரு குடிச்சிருந்தா மாத்திரை எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். அந்தத் தாமதத்தின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. எங்கள் தெருவில் நீர்க்கடுப்பு என்றால் நீர்க்கடுப்பு இல்லை. உன் புருஷன் ஊர் மேய்கிறான் என்றோ, நீ மேய்கிறாய் என்றோ அர்த்தம். அதனால் யாருக்கும் நீர்க்கடுப்பு வருவதில்லை. எல்லோரும் சும்மா ரகசியமாக எரிந்துகொண்டிருந்தார்கள்.

4

(பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வர வேண்டிய குறிப்பு. அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில் முதலில் அங்கேதான் வைத்தேன். மேலே கொண்டு வந்துவிட்டேன்.)

பதினைந்தில் நாலு என் வயிற்றுக்குப் போனது.

நவம்பர் ஆரம்பம். எனக்கு ஐம்பத்துநாலு வயது, படுக்கையில் தையல் மெஷின் உறையைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் எரிந்தது. மருத்துவரிடம் போகலாம் என்றால் சுகாதார நிலையத்து வரிசை முழுக்க என் வாடிக்கையாளர்கள். எவெலியாவுக்கு நீர்க்கடுப்பா, எப்படி வந்தது, யாரால் வந்தது என்று சாயங்காலத்துக்குள் ஒரு ஆண் கிடைத்திருப்பான் எனக்கு. நானாக இருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

சுவருக்கு மேல் கூப்பிட்டேன்.

"மகளே, அந்த மஞ்சள் மாத்திரை ஒண்ணு குடேன். எனக்கில்ல. என் தங்கச்சிக்கு."

நிமியா என்னைப் பார்த்தாள். எனக்குத் தங்கச்சி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

"ரெண்டா எடுத்துக்கோங்க. தங்கச்சிய நெறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க. டாக்டரப் பாக்கச் சொல்லுங்க. நம்ம ரிவெரோஸ் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"யார்கிட்டயும்..."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

வட்டத்தில் நான் பேசியது அவள் காதுக்குப் போயிருந்தது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கொடுத்தாள். குடித்துக்கொண்டிருக்கிற குவளையைப் பக்கத்தில் இருப்பவளுக்கு நீட்டுகிற கை அது. வேறு மாதிரி நடந்துகொள்ள அந்தக் கைக்குத் தெரியாது. இரண்டு போட்டேன், எரிச்சல் அடங்கியது. பத்து நாளில் திரும்பி வந்தது. இன்னும் இரண்டு வாங்கினேன்.

ஐந்து மாத்திரை ஞா சத்துர்நீனாவுக்குப் போனது. நிமியா சொல்லவில்லை. வேர் விற்கிறவள் பின்வாசல் வழியாகக் கையை மூடிக்கொண்டு வெளியே வந்ததை மூன்று தடவை பார்த்தேன். மீதி ஆறு யாருக்குப் போனதென்று தெரியாது. தெரியாது என்று நான் எழுதுவது இந்தக் கதையில் இதுதான் முதல் தடவை.

5

இனி வில்ஃப்ரீதோ. இவனை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஐஸ்காரன். தினமும் காலையில் மூன்று சக்கர வண்டியில் வந்து வீட்டு வீட்டுக்கு ஐஸ் போடுவான். நிமியா வீட்டில் மட்டும் ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம் நிற்பான். கதைக்கு ஒரு கள்ளக் காதலன் வேண்டுமென்றால் இவன்தான். எழுதியும் பார்த்தேன்: "அவன் அவளுடைய ஈரமான கையில் ஐஸ் துண்டை வைத்தபோது, அவள்" [நிறுத்திவிட்டேன். அவள் 'நாளைக்கி ரெண்டு போடு' என்றாள். நான் அங்கேதான் இருந்தேன். கதை நகரவில்லை.]

ஆனால் தெரு என்னைவிட நல்ல எழுத்தாளி. நான் போட்ட ஒரு வரியை வைத்து, ஐஸ் வண்டியையும் மஞ்சள் மாத்திரையையும் அதுவே சேர்த்துவிட்டது.

டிசம்பர் மாதா திருவிழாவுக்குத் தெர்லிஸ் வந்தான். நிமியா புட்டியைத் துணிகளுக்கடியில் ஒளித்து வைத்திருந்தாள். எண்ணிக்கை தெரிந்தால் பெயர் கேட்பான், பெயர் சொன்னால் வாக்கு போய்விடும். முதல் நாள், "நான் அப்புறம் போட்டுக்கறேன், நீ படு" என்றாள். இரண்டாம் நாளும் அதையே சொன்னாள். புட்டியை எடுத்தால் சத்தத்தில் விழித்து எண்ணிவிடுவான் என்று மூன்று நாளும் அவள் போட்டுக்கொள்ளவே இல்லை.

எங்கள் ரகசியத்தைக் காப்பாற்றத்தான் போடவில்லை. இதை நான் சாதாரணமாக எழுதிவிட்டுக் கடந்து போகப் பார்த்தேன், முடியவில்லை.

நாலாம் நாள் காலையில் எரிச்சல், மதியம் நடுக்கத்தோடு ஜுரம். தெர்லிஸ் பதறிப்போய் மாத்திரை தேடினான். புட்டி கிடைத்தது. அப்புறம் நடந்ததுதான் முதல் அத்தியாயம்.

அவன் புட்டியை முற்றத்தில் வீசிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். நிமியா படிக்கட்டில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். வில்ஃப்ரீதோவின் வண்டி தெருமுனையில் நின்றது. நான்தான் கையைத் தட்டிக் கூப்பிட்டேன். வேறு வண்டி இல்லை. ஐஸ் சாக்கு மேல் ஒரு போர்வை விரித்து அவளை ஏற்றினோம்.

"ஞா எவெலியா, நீங்களும் ஏறுங்க" என்றான் வில்ஃப்ரீதோ. "நான் தனியாக் கூட்டிட்டுப் போனா நல்லா இருக்காது."

"கடை தொறந்து கெடக்கு தம்பி" என்றேன்.

கடை பூட்டித்தான் இருந்தது. தெரு முழுக்க வாசலில் நின்று, ஐஸ்காரன் வண்டியில் நிமியா போவதைப் பார்த்தது.

6

கதையின் முக்கியமான காட்சி இது. மூன்று வடிவம் வைத்திருக்கிறேன்.

எதிரே சுகாதார நிலையத்தில் நிமியாவுக்கு ஊசி மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது. மறுநாள் தெர்லிஸ் என் கடைக்கு வந்தான். கண் வீங்கியிருந்தது. கையில் அந்தப் பழைய சீட்டின் நகல், நான் எடுத்த நகல்தான்.

"ஞா எவெலியா. இந்த ஊர்க் காகிதமெல்லாம் படிக்கிறவங்க நீங்க. ஒண்ணு கேக்குறேன், ஒளிக்காமச் சொல்லுங்க."

"கேளுப்பா."

"கேட்டவங்களுக்குக் குடுத்தேன்னு சொல்றா. ஆம்பளையே இல்லாத ஒரு பொம்பளைக்கு இந்த மாத்திரை எதுக்கு? அப்படி யாராவது கேப்பாங்களா?"

அ) "கேப்பாங்கப்பா. நான் கேட்டேன். ஏழு வருஷமா ஆம்பள வாடையே இல்லாத எனக்கே எரிஞ்சுது. நாலு வாங்கினேன். வா, மூலிகைக்காரி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், மிச்சத்த அவகிட்ட கேப்போம்." அவன் சிரிக்கிறான், அப்புறம் அழுகிறான். எதிர்ப்பக்கம் ஓடுகிறான். [இதை எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. நல்ல காட்சி.]

ஆ) நான் எதுவும் சொல்லவில்லை, ஆனால் கண்ணீர் வருகிறது. அவன் புரிந்துகொள்கிறான். [அவன் கொத்தனார். செங்கல்லைப் புரிந்துகொள்வான். சும்மா வடிகிற கண்ணீரிலிருந்து கணக்குப் போட அவனால் ஆகாது.]

இ) நான் சீட்டை வாங்கினேன். கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தேன். மூடியை மூடினேன்.

"எத்தனை காப்பி?" என்றேன்.

நடந்தது இதுதான்.

"ஒண்ணும் வேணாம்" என்றான். சீட்டை மெஷினிலேயே விட்டுவிட்டுப் போனான். அன்று சாயங்காலப் பஸ்ஸில் புவெனோஸ் ஐரெஸ்.

7

ஜனவரியில் எனக்கு மூன்றாவது தடவை வந்தது. மதியம், வெயிலில் தெருவில் ஒரு நாய்கூட இல்லாத நேரம் பார்த்து டாக்டர் ரிவெரோஸிடம் போனேன். தங்கச்சி கதையை எடுத்தேன்.

"தங்கச்சி பாவாடைய எறக்கி உக்காரச் சொல்லுங்க" என்றாள் அவள், தலை நிமிராமல்.

திட்டவில்லை. இந்த வயதில் உள்ளே வறண்டு போவதால் வருவது, இதற்கு ஆண் யாரும் தேவையில்லை என்றாள். மாத்திரை வாங்கிப் போட்டதையும் ஒத்துக்கொண்டேன். நாலு நாள் கழித்துச் சோதனை முடிவு வந்ததும் கூப்பிட்டுச் சொன்னாள்:

"நிமியாவுக்குக் குடுத்தது காவலுக்கு நிக்குற மாத்திரை. திருடன் உள்ள வந்தப்புறம் வேற ஏற்பாடு பண்ணணும், சொன்ன அத்தனை நாளும் போடணும். நீங்க ஒண்ணு ரெண்டு போட்டு விட்டா, கிருமி சாகாது, மாத்திரையோட பழகிக்கும். உங்க சோதனை வந்துருச்சு. மஞ்ச மாத்திரை இனி உங்களுக்குக் கேக்காது."

"நிமியாவுக்கு?"

"அவளுக்கு இன்னும் கேக்கும். போட்டிருந்தா."

சீட்டு எழுதிக் கொடுத்தாள். கடையைச் சாத்திவிட்டு நானே நகல் எடுத்தேன். முதல் தடவையாக, படிக்காமல்.

8

நிமியா ஊரை விட்டுப் போவதற்கு முந்தின நாள் வட்டத்துக்கு வந்தாள். இளைத்திருந்தாள். அன்று ஊற்றுகிற முறை என்னுடையது. நிறைத்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள், குழலைத் துடைக்கவில்லை, குவளையை என் கையில் திருப்பி வைத்தாள்.

"நன்றி, ஞா எவெலியா."

ஒரு சுற்றுகூட முழுசாக ஓடியிருக்கவில்லை. நான் "இன்னும் ஒண்ணு குடி மகளே, அந்தப் பதினஞ்சுல நாலு" [இந்த வாக்கியத்தை அங்கே முடிக்கவில்லை. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.]

இனி, யார் யார் எங்கே என்று சொல்லிவிடுகிறேன். நிமியா என்கார்னசியோனில் அக்கா வீட்டில் இருக்கிறாள், அங்கேயும் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் வேலை. தெர்லிஸ் ஊர்ப் பக்கமே வரவில்லை. வேறு யாரையும் சேர்த்துக்கொள்ளவும் இல்லை என்று அவன் அண்ணி சொன்னாள். வில்ஃப்ரீதோ பிப்ரவரியில் காகுவாசூவிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். தெரு அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தது. புதுப்பெண் காது கேட்க அதை யாரோ சொன்னார்கள். மார்ச்சில் இருவரும் அவள் ஊருக்கே போய்விட்டார்கள். இப்போது எங்களுக்கு ஐஸ் போடுகிறவன் ஒரு நொடிகூட நிற்பதில்லை. ஞா சத்துர்நீனா, மகனோடு இருக்கப்போகிறேன் என்று அசுன்சியோன் கிளம்பிவிட்டாள். உரலை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். ஏன் எனக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தக் கதையை முப்பது பிரதி எடுத்திருக்கிறேன். இருபத்தெட்டு இந்தத் தெருவுக்கு, கதவடியில் தள்ளிவிட்டாகிவிட்டது. அதனால் என்னைப் பற்றி இந்நேரம் என்ன பேசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பேசுங்கள். மீதி இரண்டும் உறையில் போட்டு மேஜை மேல் இருக்கின்றன. ஒன்று என்கார்னசியோன், ஒன்று புவெனோஸ் ஐரெஸ். பஸ் டிரைவர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கடைசிப் பக்கம் எல்லாப் பிரதியிலும் வெறுமையாக இருக்கிறது, மெஷின் கோளாறு இல்லை. அவர்கள் இருவரில் யாராவது ஒருவர் படித்துவிட்டு மற்றவரைத் தேடி பஸ் ஏறுவாரா, அல்லது உறையைப் பிரிக்காமலே அடுப்பில் போடுவாரா என்பதை அங்கே நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எழுதியதை நகல் எடுக்க என்னிடம் கொண்டு வந்தால் படிக்க மாட்டேன்.

சரி, படிப்பேன்.

புத்தகம் எழுதுகிறவர்கள் கடைசியில் எல்லோருக்கும் நன்றி சொல்லி முடிப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். குவளை இன்னும் என் கையில்தான் இருக்கிறது, அடுத்த முறை நிமியாவுடையது.